கொதிக்க மறுத்த கெட்டில்

அத்தியாயம் மூன்று

என் மனைவி துப்பறிபவள். நான் அவளுக்கு உதவியாளன். கணவன் என்ற பதவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனியாக மரியாதை எதுவும் ஒதுக்கப்படவில்லை. பை தூக்குவது, கார் ஓட்டுவது, அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

அவள் முன்பு மின்சார ஆபீஸில் இருந்தாள். மீட்டருக்குத் தெரியாமல் கரண்ட் இழுப்பவர்களைப் பிடிக்கிற வேலை. அவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், மற்றத் திருடர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று சொந்தமாக ஏஜென்சி ஆரம்பித்துவிட்டாள். நான் சோப்பு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். சோப்பு விற்றவனுக்குத் துப்பறிவதில் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளும் அதைத்தான் அடிக்கடி கேட்கிறாள்.

அன்று மத்தியானம் நாங்கள் போனது ஒரு நகைப் பட்டறைக்கு. நீளமான கூடம். இரண்டு பக்கமும் வேலை பெஞ்சுகள், ஒவ்வொன்றின் மேலும் கழுத்தை வளைத்த விளக்கு, அராவும்போது உதிரும் தங்கத் தூளைப் பிடிக்க மடியில் தோல் துண்டு. மூலையில் மெருகு போடும் சக்கரம். கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. அதில் தங்கம் உருக்கும் கரண்ட் உலை, ஒரு அலமாரி, பட்டறை முழுவதற்கும் டீத் தண்ணீர் கொதிக்க வைக்கும் பெரிய எலக்ட்ரிக் கெட்டில். பெரியது என்றால் சும்மா இல்லை, ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம்.

முதலாளிக்கு உடம்பு பெரியது, குரல் சின்னது. ஆர்டர் கொடுத்துச் செய்த கனமான நெக்லஸ் ஒன்று மெருகுக்காக அந்த அறை அலமாரியில் பெட்டிக்குள் இருந்ததாம். நேற்றுக் காலையில் தன் கண்ணால் பார்த்தாராம். சாயங்காலம் டீ குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால் காலி. உலையின் கிண்ணத்தில் புதிதாகத் தங்கப் பொட்டு ஒட்டியிருந்தது. ஆக, யாரோ நெக்லஸை அங்கேயே உருக்கிவிட்டார்கள்.

யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. மெருகு போடும் அக்காதான். வந்த நாளிலிருந்து சாயங்கால டீ அவர் பொறுப்பு. நேற்று அந்த அறையில் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தனியாக இருந்தவரும் அவர்தான். அவருடைய பை, பெஞ்சு, வீடு எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது, தங்கம் கிடைக்கவில்லை. சாயங்காலம் போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள். பிறகு எங்களை ஏன் கூப்பிட்டீர்கள் என்று என் மனைவி கேட்டதற்கு, முதலாளி தரையைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல அந்தம்மா கையில ஒரு பொட்டு குறைஞ்சதில்லைங்க. அதான் மனசு கேக்கல."

மெருகு அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தார். ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார். நேற்றுவரை எல்லோருக்கும் அவர் அக்கா. இன்றைக்கு ஆளாளுக்கு "அந்தம்மா" என்றார்கள். எனக்கு அதுதான் முதலில் சுருக்கென்றது.

"போலீஸ் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நாளைக்கு நான் வரமாட்டேன்" என்றார் அவர். "திருடின்னு பேர் வாங்கின கையில எந்தப் பட்டறைக்காரன் தங்கத்தைக் குடுப்பான்?"

குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தார்.

இந்த இடத்தில் மேனேஜர் வந்து சேர்ந்தார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிட, வேலை செய்கிறவர்கள் அதோடு ஒரு சாரைச் சேர்த்துக்கொள்ள, பட்டறை முழுவதற்கும் அவர் மச்சான் சார். எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர். இந்தத் தகவலை அவர் எங்களிடம் சொன்னது வணக்கத்துக்கும் முன்னால்.

அவருடைய மேஜையில் கணக்குப் போட்ட தாள் ஒன்று தயாராக இருந்தது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கறுப்புக் குண்டு. தாளை எடுக்க அதை என் கையில் கொடுத்தார். பெரிய கோலிக்குண்டு அளவுதான், ஆனால் கை சட்டென்று கீழே இறங்கியது. ஈயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சோப்பு விற்றவன் வேறு என்ன நினைப்பான்? நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருடைய சாட்சி உண்மையிலேயே அசத்தலாக இருந்தது. கோடி அறைக்குள் கேமரா இல்லை. கூடத்தில் இருக்கும் கேமராவுக்கு அறையின் கதவும் தெரியாது. ஆனால் படத்தின் ஓரத்தில், அந்த அறைக்குப் போகும் கரண்ட் லைனின் அளவுப் பெட்டி விழுகிறது. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிற பெட்டி. அந்த லைனில் இருப்பது இரண்டே சாமான்கள்: உலை, கெட்டில். விளக்கு வேறு லைன்.

"நேத்து சாயங்காலம் அவங்க உள்ள இருந்தப்போ 180 வோல்ட், 6 ஆம்பியர். பெருக்குங்க. 1080 வாட்ஸ். இப்ப சாமான்ல ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க. உலையில எழுதியிருக்கிறது 240 வோல்ட், 1080 வாட்ஸ். கெட்டில்ல எழுதியிருக்கிறது 240 வோல்ட், 1920 வாட்ஸ். ஓடினது எது?"

முதலாளி பெருமூச்சு விட்டார். நானும் மனசுக்குள் விட்டேன். பெருக்கல் சரி. தகட்டில் எழுதியிருப்பதும் சரி. இனி அக்காவுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர வேறு வேலையில்லை என்று எனக்குப் பட்டது.

என் மனைவி மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டாள். நேற்று அந்த லைன் வேறு எப்போதாவது ஓடியதா?

மதியம் எல்லோரும் சாப்பிட வெளியே போனபோது ஓடியது என்றார் மச்சான் சார். தொண்டை கரகரப்பு, அதனால் தானே கெட்டிலில் கொஞ்சம் வெந்நீர் வைத்துக்கொண்டாராம். படத்தில் அப்போது 240 வோல்ட், 4.5 ஆம்பியர்.

"தொண்டை இப்ப பரவாயில்லையா?" என்று அவள் அக்கறையாக விசாரித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அக்கறையாக விசாரித்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. பாவம், அவருக்கு அது தெரியாது.

அடுத்து அக்காவிடம் போனாள். ரொம்ப நேரம் உள்ளே என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

"தண்ணி கொதிக்கவே மாட்டேன்னுது. மூடியத் திறந்து திறந்து பாத்துக்கிட்டு நின்னேன்."

பின்னால் மச்சான் சார் சிரித்தார். மதியம் தனக்குக் கொதித்த கெட்டில் சாயங்காலம் மட்டும் கோபித்துக்கொண்டதா என்று கேட்டார். பெஞ்சுகளில் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா மடியில் இருந்த ஏப்ரனை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நேத்து சாயங்காலம் விளக்கு எப்படி எரிஞ்சது?" என்று என் மனைவி கேட்டாள்.

மங்கலாகத்தான் எரிந்தது. பக்கத்துத் தெருவில் ஐஸ் ஃபேக்டரி வந்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் இப்படித்தான், கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று அக்கா சொன்னார். என் மனைவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. என்னைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒண்ணுமே புரியலன்னு முகத்துல எழுதி ஒட்டியிருக்கு" என்றாள்.

"புரிஞ்சிருச்சே. உலைதான் ஓடியிருக்கு."

"உங்களை வச்சே சொல்றேன், அப்பதான் மண்டையில ஏறும். வீட்ல நான் சத்தம் போடறேன்ல, அது வோல்டேஜ். அதுக்கு நீங்க எவ்வளவு வேகமா நகர்றீங்களோ அது கரண்ட், ஆம்பியர். முதல்ல சொன்னதை ரெண்டாவதால வகுத்தா என்ன வரும்?"

"உன் பொறுமை?"

"உங்க சோம்பேறித்தனம். அதுக்குப் பேர்தான் தடை. ஓம்ல சொல்லுவாங்க. நான் மெதுவாச் சொன்னா மெதுவா நகர்வீங்க, கத்தினா வேகமா நகர்வீங்க. வகுத்துப் பாத்தா விடை ஒண்ணுதான். கல்யாணத்தன்னிக்கு என்னவோ அதேதான் இன்னிக்கும்."

"சரி, வாட்ஸ்?"

"சத்தத்தையும் நகர்றதையும் பெருக்கினா வர்றது. வீட்ல உண்மையில நடக்கிற வேலை. எனக்குத் தொண்டை கட்டின அன்னிக்குச் சத்தமும் குறையும், நீங்க நகர்றதும் குறையும். ரெண்டும் குறைஞ்சா வேலை பாதிதானே நடக்கும்? ஆனா ஆள் அதே ஆள்தான். அதுக்காக வீட்ல வேற புருஷன் வந்துட்டான்னு யாராவது சொல்லுவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் குணத்தைத் தெருவில் வைத்து அலசியது வருத்தம்தான். ஆனாலும் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

உள்ளே போனோம். எல்லோரையும் அளவுப் பெட்டிக்கு முன்னால் கூப்பிட்டாள். கெட்டிலில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போடுவது என் வேலை. போட்டேன். சிவப்பு எழுத்து நகர்ந்து நின்றது. 210 வோல்ட், 7 ஆம்பியர்.

"மச்சான் சார், பெருக்குங்க" என்றாள்.

அவர் உற்சாகமாகத்தான் பெருக்கினார். 1470 வாட்ஸ்.

"தகட்டுல 1920 போட்டிருக்கே. இப்ப ஓடறது கெட்டில் இல்லையா?"

திறந்திருந்த கதவுக்குள்ளே கெட்டிலின் மூக்கில் இருந்து மெல்லிய சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அதையே எல்லோரும் பார்த்தோம். கெட்டில்தான் என்று மச்சான் சாரும் ஒத்துக்கொண்டார்.

தகட்டில் இருக்கும் வாட்ஸ், தகட்டில் இருக்கும் வோல்டேஜுக்கு மட்டும்தான் என்று அவள் சொன்னாள். ஐஸ் ஃபேக்டரி கரண்டை இழுத்து வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும், வாட்ஸ் இரண்டு பக்கமும் அடி வாங்கும். மாறாதது ஒன்றுதான். 210-ஐ 7-ஆல் வகுத்தால் முப்பது ஓம். தகட்டுக் கணக்கு 240 வோல்டுக்கு 8 ஆம்பியர், அதை வகுத்தாலும் முப்பது. நேற்று சாயங்காலம் 180-ஐ 6-ஆல் வகுத்தால்?

பெஞ்சுகளில் இருந்து பல குரல்கள் ஒன்றாக முப்பது என்றன.

"நேத்து சாயங்காலம் ஓடினது இந்தக் கெட்டில்தான். 1920 வாட்ஸ்ல கொதிக்க வேண்டிய தண்ணிக்கு 1080தான் கெடைச்சிருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் ஆகத்தானே செய்யும்? இவங்க ரொம்ப நேரம் உள்ள நின்னதுதான் இவங்களுக்குச் சாட்சி."

சிரித்த இரண்டு மூன்று பேரும் தங்கள் தோல் துண்டில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள். அக்கா அசையவில்லை. நல்ல செய்தியை நம்பப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் சார் லேசில் விடுகிறவர் இல்லை. முப்பது என்பது தற்செயல், 1080 என்று அச்சாகப் பொருந்தியதை எப்படி ஒதுக்குவது, டிப்ளமாவில் தனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அடித்துப் பேசினார்.

"சரி, உங்க வழிக்கே வரேன்" என்றாள் என் மனைவி. "நேத்து மதியம் நீங்க வெந்நீர் வச்சீங்கல்ல, அதையும் ஒரு தடவை பெருக்கிடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். 240 என்று எழுதினார். அதன்கீழே 4.5 என்று எழுதினார். பெருக்கினார். பேனா நின்றுவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார், பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பிச் சத்தமாகவே படித்தார்.

"ஆயிரத்து எண்பது."

"சாயங்காலம் ஆயிரத்து எண்பதுன்னா உலை. மதியம் அதே ஆயிரத்து எண்பது எப்படிங்க வெந்நீர் ஆச்சு?"

கேட்டுவிட்டு அவள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் கெட்டிலை அணைத்து உலையைப் போட்டேன். 210 வோல்ட், 3.9 ஆம்பியர். வகுத்தால் ஐம்பத்து மூன்று சொச்சம். நேற்று மதியத்தின் 240-ஐ 4.5-ஆல் வகுத்தாலும் ஐம்பத்து மூன்று சொச்சம். ஆளில்லாத நேரத்தில், தொண்டை கரகரத்த மனிதர் வைத்தது வெந்நீர் இல்லை. உலை.

"மச்சான்" என்றார் முதலாளி. அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது.

மச்சான் சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். திருடவில்லை அத்தான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். நேற்றுக் காலை முதலாளி பார்த்துவிட்டுப் போன பிறகு, கொக்கி கொஞ்சம் ஆடுவதாக இவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கென்று பட்டறையில் ஆள் இருந்தும், சூடு காட்டித் தானே அதை ஒட்டிக் காட்டலாம் என்று ஆசை. சூடு அதிகமாகி முன்பக்க வேலைப்பாடு முழுவதும் ஓடிவிட்டது. அத்தான் என்றால் பயம், அத்தானின் மனைவியான தன் சொந்த அக்கா என்றால் அதைவிடப் பயம். உருக்கி வைத்துக்கொண்டு, வெளியே யாரிடமாவது கொடுத்துப் புதிதாகச் செய்து பெட்டியில் வைத்துவிடலாம் என்று பார்த்தார். அத்தான் அன்றைக்கே பெட்டியைத் திறப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கேமராவில் அந்த 1080 கிடைத்ததும், அவருக்கே அது உண்மை மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டதாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாதாரணமாக எனக்குக் கோபம் வருவதற்குள் சம்பவம் முடிந்துவிடும். அன்றைக்கு மட்டும் சரியான நேரத்தில் வந்தது.

"நீங்க ஒரு திட்டு வாங்க வேண்டியதுக்கு, அவங்க பேரையே வித்துட்டீங்களே" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடு என்கிற பார்வை இல்லை அது.

தங்கம் எங்கே என்று முதலாளி கேட்டார். மச்சான் சார் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி மேஜைக்குப் போய்க் கணக்குத் தாளின் மேலிருந்த கறுப்புக் குண்டை எடுத்தாள்.

"இவங்க பை, பெஞ்சு, வீடு எல்லாத்தையும் கொட்டிப் பாத்தீங்க. கண்ணுக்கு முன்னால இருந்ததை யாரும் பாக்கல. எங்க வீட்டுக்காரர் இதை வாங்கினப்போ அவர் கை இறங்கினதைப் பாத்தேன். ஒரு தாளை அழுத்திப் பிடிக்க இவ்வளவு கனம் எதுக்குன்னு அப்பவே தோணுச்சு."

என் கை ஒரு துப்பு என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் அந்தக் குண்டை முதலாளியிடம் கொடுக்கவில்லை. நேராக மூலைக்குப் போய் அக்காவின் கையில் வைத்தாள்.

அக்கா அதை ஒருமுறை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து சக்கரத்தைப் போட்டார். குண்டின் ஒரு ஓரத்தை அதில் லேசாகக் காட்டினார். கறுப்புப் பெயின்ட் தூளாகப் பறந்தது, அடியில் மஞ்சள் பளிச்சென்றது. கூடத்தில் எல்லோருடைய மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது. அக்கா சக்கரத்தை அணைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

முதலாளி அவர் முன்னால் போய் நின்றார். பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். "அக்கா" என்றார். ஆர்டர் கொடுத்தவரிடம் தானே போய் நடந்ததைச் சொல்லி நாள் கேட்பதாகவும், மச்சானை என்ன செய்ய வேண்டும் என்று அக்காவே சொல்லட்டும் என்றும் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். போலீஸ் என்றாலும் சம்மதம் என்றார். மச்சான் சார் தலை நிமிரவே இல்லை.

அக்கா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் இறங்கியிருந்தது. பெஞ்சு விளக்குகள் மஞ்சளாக மங்க ஆரம்பித்திருந்தன.

"டீ நேரம் ஆச்சு. இன்னிக்கு அவர் போடட்டும்" என்றார்.

மச்சான் சார் உள்ளே போனார். கதவைத் திறந்தே வைக்கும்படி என் மனைவி சொன்னாள். பட்டறை முழுவதும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திறந்து பார்த்தார். நான் அளவுப் பெட்டியைப் பார்த்தேன். 180 வோல்ட், 6 ஆம்பியர். இவ்வளவு நிதானமாகக் கொதித்த தண்ணீரை நான் பார்த்ததில்லை. நிற்கிறவருக்கு அது இன்னும் நிதானமாக இருந்திருக்கும்.

ஒருவழியாக டீ வந்தது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைக் குடித்தவருக்கு அன்று முதல் கப். மச்சான் சார் இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா ஊதி ஒரு வாய் குடித்தார். கப்பைப் பெஞ்சில் வைத்தார். பிறகு தோளில் கிடந்த ஏப்ரனை உதறிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"சக்கரை பத்தல மச்சான் சார். நாளைக்குப் பாத்துப் போடுங்க."

நாளைக்கு என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.